கம்பெனி சத்தம்

அந்தக் காரை மாமனார் ஓட்டியதில்லை, கேட்பார். காலையில் காபி டம்ளரோடு படுக்கையறை ஜன்னலோரம் வந்து உட்காருவார். கீழே போர்ட்டிகோவில் சின்ன மாப்பிள்ளை வண்டியைக் கிளப்புவார். முதலில் ஒரு செருமல், பிறகு தாழ்ந்த குரலில் ஓர் உறுமல், அது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி ஒரே சீராக நிற்கும். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் காபியில் வாய் வைப்பார்.

கார் அவருடையதுதான். இரண்டே இருக்கை. முழங்கால் உயரத்தில் தொடங்கி இடுப்பு உயரத்தில் முடிந்துபோகும் ஸ்போர்ட்ஸ் கார். மூன்றாவது கிளை திறந்த கையோடு, வீட்டில் யாரையும் கேட்காமல், தனக்கென்று வாங்கினார். டெலிவரி எடுத்த அன்று உள்ளே உட்கார்ந்தார். உட்கார்ந்தது அவராகத்தான், அவரை வெளியே எடுத்தது விற்பனையாளரும் இரண்டு மாப்பிள்ளைகளும். அந்தக் காட்சியைப் பற்றி அதன்பின் வீட்டில் யாரும் பேசவில்லை. முட்டி சரியாகிற வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாவியைச் சின்ன மாப்பிள்ளையிடம் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: வாங்கினபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ மாறினாலும் தனக்குக் காதிலேயே தெரிந்துவிடும்.

குழாய் வியாபாரத்தில் தலை நரைத்தவர் அவர். குடிதண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், வால்வு, வாஷ்பேசின் என்று வீட்டுக்குள் தண்ணீர் வந்து போகும் வழியில் என்னென்ன உண்டோ அத்தனையும் விற்றார். சப்ளையர் கொண்டுவரும் குழாயை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, சுவர் மெலிசு, திருப்பி எடுத்துப் போ என்பார். அளந்து பார்த்தால் மெலிசாகத்தான் இருக்கும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்திருந்தாலும் தட்டிச் சொல்வார். அவர் காதுக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. வீட்டில் அது பயமாக இருந்தது.

பைபாஸ் சாலையில் நான்கு மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்று புது ஷோரூம் எழும்பிக்கொண்டிருந்தது. அதை எந்த மாப்பிள்ளை கையில் கொடுப்பார் என்பதுதான், இரண்டு மாப்பிள்ளைகளும் குடும்பத்தோடு குடியிருந்த அந்த வீட்டின் மூன்று மாடிகளிலும் வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்வி. மூத்த மாப்பிள்ளைக்கு வயதும் அனுபவமும் இருந்தன. ஆனால் போன வருடம் பழைய கடையில் தண்ணீர்க் குழாய் அடுக்கும் ராக்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார். வாடிக்கையாளர்களுக்குச் சௌகரியம் என்றார். மாமனார் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் கையை நீட்டி, ஒரு பெரிய கட்டட காண்ட்ராக்டர் முன்னால் வெறுங்காற்றைப் பிடித்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார்: “நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதுல கை வைக்கிறவங்களை நம்பி நான் எதையும் ஒப்படைக்கிறதா இல்ல.” மூத்த மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார். சின்ன மாப்பிள்ளை போர்ட்டிகோ பக்கம் பார்த்தார். பரீட்சைக் கேள்வித்தாள் அங்கேதான் நிறுத்தியிருந்தது.

இந்த நிலையில் ஒரு புத்தியுள்ள மனிதன் அந்தக் காரைக் கழுவித் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான். சின்ன மாப்பிள்ளையும் புத்தியுள்ளவர்தான். ஆனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

ஞாயிறு காலையில் பைபாஸ் பெட்ரோல் பங்க்கின் காபிக் கடைக்கு முன்னால் ஏழெட்டு விலையுயர்ந்த கார்கள் வந்து நிற்கும். சொந்தக்காரர்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் போல் ஒருவருக்கொருவர் எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு தோல் டாக்டர். அவர் வண்டியைக் கிளப்பினால் பங்க்கின் கூரையிலிருந்து புறாக்கள் எழும்பும். ஒருமுறை பெட்ரோல் போட வந்த பெரியவர் ஒருவர் ஏதோ வெடித்துவிட்டது என்று ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். டாக்டர் அதை விருது வாங்கியவர் போல் சொல்லிக்கொள்வார். அங்கே வந்த எல்லாருமே சைலன்சர் மாற்றியவர்கள். மாற்றாதவர் ஒருவர்தான். டாக்டர் முதல் நாளே குனிந்து பார்த்துவிட்டு, “இன்னும் கம்பெனி சைலன்சர்தானா?” என்று கேட்டார். இந்த வயதிலும் பால் பாட்டிலா என்று கேட்பது போலிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து சின்ன மாப்பிள்ளைக்கு அங்கே பெயர் ‘கம்பெனி’. “கம்பெனி வந்தாச்சா?” “கம்பெனிக்கு ஒரு காபி சொல்லுங்க.”

மாமனாரின் நிபந்தனையைச் சின்ன மாப்பிள்ளை ஒருநாள் அங்கே வாய்தவறிச் சொன்னார். அதோடு தீர்ந்தது. அவர் வண்டியை எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், “பார்த்துங்க, மாமா முழிச்சிடப் போறார்” என்று தணிந்த குரலில் சொல்வார். மற்றவர்கள் வாயில் விரல் வைத்து உஷ் என்பார்கள்.

அவமானம் ஒரு மனிதனுக்கு என்னென்னவோ யோசனைகளைத் தரும். சைலன்சரை மாற்ற வேண்டும்; சத்தம் மட்டும் மாறக் கூடாது என்ற முடிவுக்குச் சின்ன மாப்பிள்ளை வந்து சேர்ந்தது அப்படித்தான். கூட்டத்தில் இதை அறிவித்தபோது ஆடிட்டர் ஒருவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“சத்தம் மாறாதுன்னா எதுக்குப்பா மாத்தணும்?”

எடை குறையும், காற்றோட்டம் கூடும், இஞ்சின் தாராளமாக மூச்சு விடும் என்று வீடியோக்களில் கேட்டதையெல்லாம் சின்ன மாப்பிள்ளை அடுக்கினார். ஆடிட்டர் பொறுமையாகக் கேட்டார். “அதாவது, சட்டைக்கு உள்ளே பட்டு பனியன் போட்டுக்கிற மாதிரி” என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. மாற்றிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றார்.

காரிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் முழுவதற்கும் நம்மிடம் பெயர் சைலன்சர்தான். அந்தச் சைலன்சரில் இருக்கும் சைலன்ஸை எடுத்துவிடச் சொல்லித்தான் ஜனங்கள் பட்டறைக்கு வருவார்கள். ஊருக்கு வெளியே மரக்கடைக்குப் பின்புறம் அப்படியொரு பட்டறை வைத்திருந்தவரையும் எல்லாரும் ‘சைலன்சர்’ என்றே கூப்பிட்டார்கள். தொழிலால் வந்த பெயர், குணத்தால் வந்ததல்ல. வாய் ஓயாத மனிதர். பழைய குழாயைப் பாலீஷ் போட்டுப் புதுசு என்று மாட்டிவிடுவதிலும் அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் சத்தம் கூடியிருந்தால் யாரும் மற்றதைக் கிளறுவதில்லை.

சின்ன மாப்பிள்ளை கேட்டதைக் கேட்டு அவர் சற்று நேரம் பேச்சை நிறுத்தியது உண்மை.

“மாத்தணும். ஆனா மாத்தினது தெரியக்கூடாது.”

“ஆமா.”

“பார்த்தாலும் தெரியக்கூடாது, கேட்டாலும் தெரியக்கூடாது.”

“ஆமா. என் மாமனாருக்குக் காது ரொம்பக் கூர்மை.”

“சார், சத்தம் வர வைக்கிறதுக்கு ஆணியும் சுத்தியலும் போதும். சத்தம் மாறாம வைக்கிறது மனசாட்சி வேலை” என்றார் சைலன்சர். அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்பது பட்டறைக்கே புதிது. போனை வெளியே எடுத்து, வண்டியைக் கிளப்பச் சொல்லி, குளிர்ந்த இஞ்சினிலிருந்து சூடேறும் வரை முழுச் சத்தத்தையும் பதிவு செய்துகொண்டார். வேலை நடக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, ஆபரேஷன் தியேட்டருக்குள் சொந்தக்காரர்களை விடுவார்களா என்று திருப்பிக் கேட்டார். வீட்டில் சர்வீஸ் என்று சொல்லியாகிவிட்டது.

பட்டறையின் தகரக் கதவுக்கு உள்ளே நடந்ததைச் சின்ன மாப்பிள்ளை பார்க்கவில்லை. என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. முதலில் எதுவும் நடக்கவில்லை. வண்டியைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, சொன்ன தேதியில் துடைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் சைலன்சரின் திட்டம். இவ்வளவு பத்திரமான ஏமாற்று வேலை அவர் வாழ்நாளில் வந்ததில்லை. வித்தியாசமே தெரியக் கூடாது என்று கேட்கிற வாடிக்கையாளர் யாருக்குக் கிடைப்பார்? கெடுத்தது அந்தப் பதிவு. சும்மா இருக்கும்போதெல்லாம் போனை எடுத்துப் போட்டுக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டதில் ஓர் அரிப்பு வந்துவிட்டது. முடியுமா முடியாதா என்று பார்த்தால் என்ன?

நேர்மைக்காக அல்ல, அந்த அரிப்புக்காகத்தான் அவர் காருக்கு அடியில் சத்தத்தை அடக்கும் பின்பக்கப் பெட்டியைக் கழற்றி ஓரமாக வெட்டினார். உள்ளே இருந்த குழாய்களை எடுத்துவிட்டு அகலமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களை வைத்தார். சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சை அடைத்தார். கிளப்பினால் எருமை இருமுவது போலிருந்தது. மறுபடி வெட்டி, பஞ்சைக் கூட்டினார். மிக்ஸி ஓடுவது போலிருந்தது. இன்னொரு முறை வெட்டி, குழாயில் ஓட்டைகளைக் கூட்டி, தடுப்புத் தகட்டை முன்னே பின்னே நகர்த்திப் பார்த்ததில், எதனால் என்று அவருக்கே விளங்காமல், போனில் இருந்த அதே செருமல், அதே உறுமல் வந்து நின்றது. மூச்சுக்கூட விடாமல் ஆர்கான் வெல்டிங் வைத்து மூடினார். வெல்டிங் தழும்பைத் தேய்த்து, புகைக்கரியைத் தடவிப் பழசாக்கினார். வெளியே தெரியும் முனைகள் கம்பெனி முனைகளே. எடுத்த பழைய குழாய்களைப் பழக்கத்தின்படி அன்றே எடைக்குப் போட்டுவிட்டார். ஒழுங்காகச் செய்த ஒரே வேலைக்கு இருந்த ஒரே சாட்சியும் அதோடு போயிற்று.

வண்டியை எடுக்க வந்த சின்ன மாப்பிள்ளையை வாசலில் முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். ஒரு தடவை வண்டி, ஒரு தடவை ஸ்பீக்கரில் பதிவு. எது கார் என்று சொல்ல வேண்டும். சின்ன மாப்பிள்ளை நன்றாகக் கேட்டு, ரசித்து, ஸ்பீக்கரைத்தான் கார் என்று சொன்னார். சைலன்சரின் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை மாமனார் காபியோடு ஜன்னலுக்கு வந்தார். சின்ன மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். செருமல், உறுமல், அடக்கம். மேலே பார்த்தார். மாமனார் கண்ணைத் திறந்து, “சர்வீஸ் பண்ணதும் நல்லா இருக்கு. கம்பெனி கம்பெனிதான்” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். கடைக்குப் போகும் வழியெல்லாம் சின்ன மாப்பிள்ளை தனியாகச் சிரித்துக்கொண்டு போனார்.

சந்தோஷம் ஞாயிறு வரை நீடித்தது.

“மாத்தியாச்சா?” என்றார் டாக்டர்.

“மாத்தியாச்சு.”

“எங்கே?”

“உள்ளே.”

டாக்டர் தரையில் பேப்பர் விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். கிளப்பச் சொன்னார். கேட்டார். ஒரு தோல் டாக்டருக்கு உரிய முகத்தோடு, நோய் இல்லை, வெறும் பயம்தான் என்று சொல்லும் தொனியில், எதுவும் மாறவில்லையே என்றார். மாறாமல் மாற்றியதுதான் விசேஷம் என்று சின்ன மாப்பிள்ளை விளக்கினார். விளக்க விளக்க அது அவர் காதுக்கே நன்றாக இல்லை. ஓட்டும்போது வித்தியாசம் தெரிகிறது, உள்ளே உட்கார்ந்து கேட்டால் இஞ்சின் இன்னும் இதமாகப் பேசுகிறது என்றார்.

“உள்ளே கேக்கிறது இஞ்சின் இல்லப்பா” என்றார் ஆடிட்டர். “இந்த மாடலுக்கு டேஷ்போர்டுல ஸ்பீக்கர் இருக்கு. கம்பெனிக்காரன் பாட்டு போடற மாதிரி உறுமலைப் போடறான். வேணும்னா செட்டிங்ல அணைச்சுப் பாரு.”

அணைத்துப் பார்த்தார். காருக்குள் ஆஸ்பத்திரி வராந்தா போல அமைதி. இத்தனை நாள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மெய்மறந்து கேட்டது ரேடியோவை. கூட்டம் சிரித்த சிரிப்பில் டாக்டர் வண்டியின் சத்தமே அமுங்கியது. அடங்கிய பிறகு ஆடிட்டர் அவர் தோளில் கை போட்டு, எந்தப் பட்டறை என்று விசாரித்தார். பெயரைக் கேட்டதும் பரிதாபமாக உச்சுக் கொட்டினார். “அவன்கிட்டயா? உன்னை நல்லா மொட்டையடிச்சிருக்கான்.”

சந்தேகம் அன்றுதான் உள்ளே புகுந்தது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது, ஓட்டினாலும் புரியாது. அப்படியானால் மாற்றியதற்கு என்ன அத்தாட்சி? சைலன்சர் சொன்னது ஒன்றுதான். சைலன்சர் சொன்னது என்பதையே ஆடிட்டர் எதிர்த்தரப்புச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

சின்ன மாப்பிள்ளை நேரே பட்டறைக்குப் போய், காட்டு என்றார். சைலன்சர் முதலில் சிரித்தார், பிறகு நிஜமாகவே மனம் நொந்துபோனார்.

“சார், தெரியக்கூடாதுன்னு கேட்டது நீங்க. இப்போ தெரியலையேன்னு வந்து நிக்கிறீங்க. நான் எந்தப் பேச்சைத்தான் கேக்கிறது?”

பழைய குழாயாவது எங்கே என்று கேட்டார் சின்ன மாப்பிள்ளை. எடைக்குப் போட்டாயிற்று. படம் எடுத்து வைத்தாயா? இல்லை. அப்படியானால் வெட்டிக் காட்டு. வெட்டலாம், என்றார் சைலன்சர். ஆனால் வெட்டி ஒட்டினால் மறுபடி அதே சத்தம் வரும் என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது. போன தடவை வந்தது தன் கையால் வந்ததா, கடவுள் கையால் வந்ததா என்று தனக்கே தெரியாது. அவர் வாழ்நாளில் சொன்ன உண்மைகளில் இது முக்கியமானது. அதைக் கேட்டதும் இவன் திருடன்தான் என்று சின்ன மாப்பிள்ளைக்கு முக்கால்வாசி உறுதியாகிவிட்டது.

அதன்பின் அவர் வீட்டில் நடமாடிய விதம் பார்க்கச் சகிக்கவில்லை. காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பெட்டியை ஸ்பூனால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். புகையை முகர்ந்து பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டு நிறுத்திவைத்து, வண்டியைக் கிளப்பி, முன்பு போல இருக்கிறதா, இல்லையா, யோசித்துச் சொல் என்றார். முன்பு போலத்தான் இருக்கிறது என்று அவள் சொன்னால் முகம் வாடியது. இல்லை என்று சொன்னால் பதறிப்போய் ஜன்னலைப் பார்த்தார்.

“உங்களுக்கு எந்தப் பதில் வேணும்னு முதல்ல சொல்லிடுங்க, அதையே சொல்லிடறேன்” என்றாள் அவள். “அடுப்புல பால் வச்சிருக்கேன்.”

மூத்த மாப்பிள்ளை முதல் மாடி பால்கனியிலிருந்து இதையெல்லாம் பார்த்தார்.  சகலை ஸ்பூனோடு காருக்கு அடியில் கிடப்பதில் தனக்கு ஏதோ லாபம் இருக்கிறது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. எந்த லாபம் என்பதுதான் புரியவில்லை.

புது ஷோரூம் திறக்க நாள் நெருங்கியபோது மாமனார் இரண்டு மாப்பிள்ளைகளையும் தம் அறைக்குக் கூப்பிட்டார். மகள்கள் கதவோரம் நின்றார்கள். மேஜைமேல் ஷோரூம் சாவிக்கொத்து இருந்தது. மாமனார் சுற்றி வளைக்காமல், அது சின்ன மாப்பிள்ளைக்கு என்றார். சின்ன மகள் அக்காவைப் பார்க்காமலிருக்கப் பிரயத்தனப்பட்டாள். மூத்த மாப்பிள்ளை தரை டைல்ஸின் தரத்தை ஆராய்ந்தார். கையை நீட்டிச் சாவியை எடுத்துக்கொள்வது ஒன்றே சின்ன மாப்பிள்ளை செய்ய வேண்டிய வேலை. மாமனாரும் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். காரணம் சொல்ல ஆரம்பித்தார்.

“ஏன்னு கேட்டா, இவர் எதையும் தொட மாட்டார். குடுத்ததைக் குடுத்த மாதிரி வச்சிருப்பார். அந்தக் காரையே பாருங்க. வேற யாரா இருந்தாலும் அங்கே நோண்டி இங்கே நோண்டி அசிங்கம் பண்ணியிருப்பாங்க. இவருக்கு அந்த மாதிரி எதுவும் பண்ணத் தோணாது. புதுசா எதுவுமே தோணாது. அதான் இவர்கிட்ட எனக்குப் பிடிச்சது.”

மூத்த மாப்பிள்ளையின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. கதவோரத்தில் மூத்த மகளுக்கு இருமல் வந்தது. பெட்ரோல் பங்க்கில் கேட்ட அத்தனை சிரிப்பும் ஒன்றுசேர்ந்து அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது சின்ன மாப்பிள்ளைக்கு. சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“மாத்தியிருக்கேன் மாமா” என்றார்.

“எதை?”

“கார் சைலன்சரை. போன மாசம்.”

அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மாமனார் கோபப்படவில்லை. காது சரியாகக் கேட்கவில்லையோ என்பது போலத் தலையைச் சாய்த்தார்.

“நான் தினமும் கேக்கிறேனே மாப்பிள்ளை.”

“அதே சத்தம் வரணும்னு சொல்லி மாத்தச் சொன்னேன். உங்களுக்காகத்தான்.”

மாமனார் ஒரு சப்ளையரை விசாரிப்பது போல விசாரிக்கத் தொடங்கினார். யார் மாற்றியது? சொன்னார். மாற்றும்போது பக்கத்தில் இருந்தீர்களா? விடவில்லை. பழைய சாமானைத் திருப்பிக் கொடுத்தானா? எடைக்குப் போட்டுவிட்டானாம். பார்த்தால் தெரிகிறதா? தெரியாது. கேட்டால்? தெரியாது. ஓட்டினால்? சின்ன மாப்பிள்ளை ஸ்பீக்கர் விஷயத்தை நினைத்துக்கொண்டு, அதுவும் தெரியாது என்றார். ஒவ்வொரு பதிலும் உண்மை. ஒவ்வொரு உண்மைக்கும் அவர் ஓர் அங்குலம் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

“ஒருத்தன் வந்து, செவுத்துக்குள்ள இருந்த குழாயெல்லாம் மாத்திட்டேன், ஆனா செவுத்தை உடைச்ச தடம் இருக்காது, பழைய குழாயும் கிடையாதுன்னு சொன்னா, நம்ம கடையில பில்லு போடுவீங்களா?”

சின்ன மாப்பிள்ளை மேஜைமேல் இருந்த சாவியைப் பார்த்தார்.

“அவன் மாத்தல. மாத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார் மாமனார். “உங்களை ஏமாத்தியிருக்கான். நீங்க காரைத் தொட்டதுகூட எனக்குப் பெரிசில்ல. இவ்வளவு சுலபமா ஏமாறுவீங்கன்னு நான் நினைக்கல.”

சின்ன மாப்பிள்ளைக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “வெட்டிக் காட்டறேன் மாமா. உங்க எதிர்லயே வெட்டறேன்.”

 வெட்டு என்று மாமனார் சொல்லியிருக்க வேண்டும். வியாபாரி என்ற முறையில் அதுதான் நியாயம். ஆனால் அவர் சொல்லவில்லை. வலது கை எழுந்து காது மடலைத் தொட்டுவிட்டு, தொட்டது தெரியாமலிருக்கத் தலைமுடியைக் கோதியது. முட்டி போய்விட்டது. வாங்கிய காரில் ஏற முடியாமல் போய்விட்டது. சப்ளையர்கள் இன்னும் பயப்படுவது அந்தக் காது ஒன்றுக்குத்தான். வெட்டினால் உள்ளே புதுக் குழாய் இருந்துவிட்டால்?

அந்த முகத்தைச் சின்ன மாப்பிள்ளை பார்த்தார். இரண்டு வழி இருப்பது அவருக்குத் தெரிந்தது. வெட்டி, உள்ளே பழசே இருந்தால் தான் முட்டாள். புதுசு இருந்தால் மாமனார் செவிடு. ஷோரூம் சாவி அந்தச் செவிட்டு மாமனாரின் மேஜையில்தான் இருக்கிறது. எப்படி வெட்டினாலும் கைக்கு வரப்போவதில்லை. வெட்டாமல் விட்டால் குறைந்தபட்சம் இந்த வீட்டின் இரண்டாவது மாடியில் தொடர்ந்து குடியிருக்கலாம்.

“வேண்டாம் மாமா” என்றார். “நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும். ஏமாந்துட்டேன்.”

மாமனார் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சில் வருத்தத்தைவிட நிம்மதி அதிகம் இருந்தது. சாவிக்கொத்தை மேஜைமேல் வலப்பக்கம் நகர்த்தி, மூத்த மாப்பிள்ளை முன்னால் வைத்தார். ராக்கை மாற்றினால் திரும்ப மாற்றிக்கொள்ளலாம், ஏமாளி கையில் கல்லாவைக் கொடுத்தால் திரும்ப வராது என்றார். மூத்த மாப்பிள்ளை அடக்கத்தோடு எடுத்துக்கொண்டார். அவரை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. அவரை ஏதாவது வாங்க வைத்தால்தானே ஏமாற்ற முடியும்.

மாமனார் அதோடு விடவில்லை. தன் வீட்டுப் பிள்ளையை ஒருவன் ஏமாற்றிவிட்டு ஊரில் நிமிர்ந்து நடப்பதா? மறுநாளே மூத்த மாப்பிள்ளையின் காரில், இரண்டு மாப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மரக்கடைக்குப் பின்னால் போய் இறங்கினார். சைலன்சர் எழுந்து நின்றார். குழாய் முதலாளியை யாருக்குத்தான் தெரியாது? மாமனார் குரலை உயர்த்தாமல், என் மாப்பிள்ளை காரில் எதையும் மாற்றாமலேயே மாற்றியதாகச் சொன்னாயாமே என்றார்.

சைலன்சர் சின்ன மாப்பிள்ளையைப் பார்த்தார். சின்ன மாப்பிள்ளை மரக்கடையின் பின்சுவரைப் பார்த்தார்.

இதற்கு முன் எத்தனையோ பேர் அந்த வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். அத்தனை பேரையும் சைலன்சர் பேசியே திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆனால் இதுவரை அவர் மறுத்ததெல்லாம் அவர் செய்த தப்புகளை. செய்யாத தப்பை மறுத்துப் பேச அவருக்குப் பழக்கமில்லை.  செய்தேன் என்று சொன்னால் வெட்டிக் காட்டு என்பார்கள். வெட்டினால் அப்படியொரு சத்தம் இனி தன் கையில் வராது. அந்த ஒரு நிமிடத்தில் அவர் எதை எதோடு நிறுத்துப் பார்த்தாரோ தெரியாது.

“தப்புதாங்க முதலாளி” என்றார். “மாத்தல. மன்னிச்சிருங்க.”

மாமனார் மூத்த மாப்பிள்ளையைப் பார்த்து, பார்த்தீர்களா என்று தலையை அசைத்தார். அவர் முகம் பத்து வயது குறைந்திருந்தது. வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடு, மரியாதையாக இருந்துகொள் என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். மூத்த மாப்பிள்ளை அவசரமாகப் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

சின்ன மாப்பிள்ளை மட்டும் அசையவில்லை. முக்கால்வாசி உறுதியாக இருந்தது இப்போது முழுசாகியிருக்க வேண்டும். திருடனே ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் ஒப்புக்கொண்டபோது அவன் முகத்தில் இருந்தது திருடனுடைய முகம் இல்லை என்று ஏனோ பட்டது.

“நிஜத்தைச் சொல்லு” என்றார், மாமனாருக்குக் கேட்காதபடி. “மாத்தினியா, இல்லையா?”

சைலன்சர் கைகளைக் கரித்துணியில் துடைத்துக்கொண்டார்.

“நீங்க என்கிட்ட கேட்டது என்ன சார்? யாருக்கும் தெரியக்கூடாது. அவ்வளவுதானே?”

“அந்த யாருக்கும்ல நானும் சேர்த்தியா?”

“அதை நீங்க அப்பவே தனியா சொல்லியிருக்கணும்” என்றார் சைலன்சர். சொல்லிவிட்டு, வாய் ஓயாத அந்த மனிதர் பட்டறைக்குள் போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே மூத்த மாப்பிள்ளை ஹாரன் அடித்தார்.